படத்தை நீக்குமுன் அதன் கீழுள்ள வாசகத்தைப் படியுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தெய்வ உருவத்தையோ சமயச் சின்னத்தையோ கொண்ட ஓவியம் எதுவாயினும் அதனை முகநூல், வட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதை அந்தந்தக் குழுவின் நிர்வாகிகள் முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்றும், தவறினால் அவர்கள்மீதும் பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும் என்றும், இரு வாரங்களுக்கு முன் தங்கள் வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. காத்தான்குடியும் ஆரையம்பதியும், ஏறாவூரும் செங்கலடியும், மருதமுனையும் பாண்டிருப்பும் என முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக வேலியோடு வேலி உரசிக் கிடக்கிற இந்தக் கிழக்கிலங்கைக் கரையில் வாழும் எவருக்கும் அந்தக் கவலை இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அவர் காட்டும் வழி மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வழி என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இவ்விரு மாவட்டங்களின் பாடசாலைகளில் சித்திரம் கற்பித்து ஓய்வுபெற்றவன். சித்திர ஆசிரியர்கள், நுண்கலை மாணவர்கள், கோயில் வேலை செய்யும் சிற்பிகள், பதாகை வடிவமைக்கும் இளைஞர்கள் என்று பலர் சேர்ந்திருக்கும் இணையக் குழு ஒன்றுக்கு இப்போது நிர்வாகிகளாக இருக்கும் மூவரில் நானும் ஒருவன். மற்ற இருவரில் ஒருவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த முஸ்லிம் ஆசிரியை; இன்னொருவர் மட்டக்களப்பு நகரத்துக் கத்தோலிக்க இளைஞர், அச்சகமொன்றில் பணிபுரிபவர். எனவே அன்பர் முறைப்பாடு செய்யச் சொல்லும் ஆட்களில் ஒருவனாகவே பேசுகிறேன்.

சென்ற வைகாசியில் எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும். கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடந்துகொண்டிருந்த நாட்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையைச் சேர்ந்த, நுண்கலை பயிலும் மாணவி ஒருவர் தாம் வரைந்த ஓவியத்தை மாலை ஐந்தரை மணியளவில் குழுவில் இட்டார். அடுப்புக்கரியும் குங்குமமும் மட்டும் கொண்டு, தடித்த பழுப்புக் காகிதத்தில் வரைந்த கண்ணகி. அவிழ்ந்த கூந்தல் காகிதத்தின் விளிம்புவரை கரியாய் இறங்கியிருந்தது. வலக்கையில் சிலம்பு. இடக்கை மார்போடு அழுந்தியிருக்க, அந்த விரல்களின் இடுக்கில் தண்ணீர் விட்டுக் குழைத்த குங்குமம் வழிந்து காய்ந்து, அந்த இடத்தில் காகிதமே சுருங்கிப் போயிருந்தது. உடம்பு என்று சொல்ல இரண்டு மூன்று கோடுகளுக்கு மேல் அங்கே எதுவும் இல்லை. முகம் நாட்காட்டி அம்மனின் முகம் அன்று. பொழுதெல்லாம் சூடடிக்கிற களத்தில் நின்றுவிட்டு வந்த ஒரு பெண்ணின் முகம்.

கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள் என்பது சிலப்பதிகாரம் சொன்ன கதை. நம் ஊர்களில் அது வெறும் பாடப்புத்தகக் கதையன்று. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று கோயில் கோயிலாக ஆண்டுதோறும் அவள் கதையைப் பாடும் கண்ணகி வழக்குரை என்ற ஏடு படிக்கப்படுகிறது, பிறகு அவளுடைய சினம் தணியக் குளிர்த்தி பாடப்படுகிறது. அந்தக் காட்சியை நம் பிள்ளைகள் தாயின் மடியில் தூங்கி விழித்தபடி கேட்டே வளர்கிறார்கள்.

ஓவியம் இடப்பட்ட முதல் ஒரு மணித்தியாலத்தில் பாராட்டும் திருத்தமும் வந்தன. கரிக்கோட்டின் அழுத்தம் கழுத்தருகே தளர்ந்துவிட்டது என்று ஒரு கோயிற் சிற்பி நீளமாக எழுதியிருந்தார். ஒருவரும் புண்பட்டதாகச் சொல்லவில்லை. ஏழு மணியளவில், நாங்கள் பயன்படுத்தும் தளத்தின் தானியங்கி வடிகட்டி அதனை நிர்வாணப் படம் என்று முடிவுகட்டி நீக்கியது; மறுபரிசீலனை கோரினோம், மறுநாள் படம் திரும்பி வந்தது. அது சிறு தொல்லை. பெரிய தொல்லை வேறு வழியால் வந்தது. படம் மறைவதற்கு முன்பே யாரோ ஒருவர் அதனை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பக்திக் குழு ஒன்றில், "நம் கண்ணகைத் தாயை அம்மணமாக்கி அசிங்கப்படுத்துகிறார்கள்" என்ற வரியோடு பகிர்ந்திருந்தார். இரவு பத்து மணிக்கு என் மருமகனின் கைபேசிக்கு வந்த பிரதியில் மாணவியின் பெயர் இருந்த கீழ்ப்பகுதி வெட்டப்பட்டிருந்தது; வரியும் வளர்ந்திருந்தது. வரைந்தவர் மாற்று மதத்தவர் என்றும், குழுவை நடத்துவது யார் என்று பார்த்தால் விளங்கும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அக்கரைப்பற்று ஆசிரியைக்கு அன்றிரவு வந்த தொலைபேசி அழைப்புகளில் என்ன சொல்லப்பட்டது என்பதை ஒரு பத்திரிகையில் எழுத முடியாது.

மறுநாள் காலை கோயிலொன்றை நிர்வகிக்கும் வண்ணக்கரும் இளைஞர் ஒருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் கொடுத்து, மாணவி அனுப்பியிருந்த முழுப் படத்தையும் அவருடைய பெயரோடும் குறிப்போடும் பெரிதாக்கிக் காட்டினேன். வண்ணக்கர் கண்ணாடியை ஏற்றி இறக்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதத்தானே மாஸ்டர் வருசா வருசம் வழக்குரையில படிக்கிறம்" என்றார். உடன் வந்த இளைஞர் சமாதானம் அடையவில்லை. "படிக்கிறது வேற, மாஸ்டர். ஃபோன்ல போடுறது வேற" என்றார்.

இருவர் சொன்னதும் சரி என்பதுதான் என்னுடைய நிலைப்பாடு. வழக்குரை படிக்கப்படுகிற இடத்துக்கு ஒரு கதவு இருக்கிறது. அது திறக்க ஒரு காலம் இருக்கிறது. கேட்க வருபவர் குளித்து, விரதம் இருந்து, தாமாக நடந்து வருகிறார். சூடேறிய கதைக்கு முடிவில் குளிர்த்தி இருக்கிறது. கைபேசியில் வரும் படத்துக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. சோற்றில் கை வைத்திருப்பவர் முன்னும், பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவர் முன்னும் அது கேளாமல் வந்து நிற்கிறது. அந்த இளைஞரின் கூச்சம் பொய்யன்று. ஆனால் அந்தக் கூச்சத்துக்கு வேண்டியது ஒரு கதவோ திரையோதான். படத்தைக் கிழித்துப் போடுவது அன்று. அன்றிரவு ஊரைக் கொதிக்க வைத்ததோ கூச்சமும் அன்று, படமும் அன்று. பெயரை வெட்டிவிட்டு ஒட்டிய அந்த இரண்டு வரிகள்.

இது புதிதன்று. இந்திய ஓவியர் எம். எஃப். ஹுசைன் சரஸ்வதியைக் கோட்டோவியமாக வரைந்தது எழுபதுகளில். 1996 இல் ஓர் இந்திச் சஞ்சிகை, அவரை ஓவியரா கசாப்புக்காரரா என்று கேட்கும் தலைப்போடு அதனை மறுபடி அச்சிட்ட பிறகே வழக்குகளும் தாக்குதல்களும் தொடங்கின. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எவரையும் சுடாத கோடுகள் ஒரு தலைப்பு விழுந்ததும் சுட்டன. பாரதமாதா என்று அறியப்பட்ட அவருடைய இன்னோர் ஓவியத்தின் மீதான வழக்குகளை 2008 இல் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோதும், தொண்ணூறு வயதைக் கடந்த அவர் தம் நாட்டுக்குத் திரும்பவில்லை. 2010 இல் கட்டார் குடியுரிமை பெற்று, 2011 யூனில் இலண்டனில் காலமானார். டென்மார்க் பத்திரிகை ஒன்று 2005 செப்டெம்பரில் வெளியிட்ட, நபிகளாரைப் பற்றிய 12 கேலிச்சித்திரங்களின் கதையும் பலருக்கு நினைவிருக்கும். அவை புண்படுத்தவே வரையப்பட்டவை என்று எண்ணுவோரோடு எனக்கு வழக்கில்லை. ஆயினும் அவற்றை விளக்க மத்திய கிழக்குக்குக் கொண்டு செல்லப்பட்ட கோப்புக்குள், பிரான்ஸில் பன்றிபோலக் கத்தும் போட்டியொன்றில் பன்றி முகமூடியோடு நின்ற ஒருவரின் புகைப்படமும் இருந்தது. அதை எடுத்தவருக்கோ அதில் நின்றவருக்கோ நபிகளாரைப் பற்றிய நினைப்பே இல்லை. கோப்புக்குள் வந்ததும் அது நிந்தனைப் படமாகிவிட்டது.

நம் நாட்டில் 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானது, அவர் அணிந்திருந்த ஆடையில் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் அச்சிடப்பட்டிருந்ததாகச் சொல்லப்பட்டதால். அது கப்பலின் சுக்கான் சக்கரம். பிணை கிடைக்கும்வரை அவர் விளக்கமறியலில் இருந்தார். ஆரக்கால்களின் முனையில் கைப்பிடிகள் நீண்டிருப்பதைப் பார்த்தாலே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் வரையச் சொன்னால் பிழைவிடாமல் வரையும். ஆனால் பார்க்குமுன்பே பெயர் வைத்தாகிவிட்டது.

அம்பாறையில் நடந்ததை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி இறுதியில், ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் கிடந்த மாவுத்திரளுக்கு மலட்டு மாத்திரை என்று பெயர் வைக்கப்பட்டு, அந்தக் காணொளி கைக்குக் கை போய், பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது மாச்சத்துத்தான், மலடாக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை சொல்வதற்குள் கண்டி மாவட்டமும் எரிந்துவிட்டது. மார்ச் 7 ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கி ஏறக்குறைய ஒரு வாரம் வைத்திருந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் காணொளியில் ஓவியமும் இல்லை, தெய்வமும் இல்லை. சமய ஓவியங்களைத் தடைசெய்தால் கலவரம் வராது என்று நம்பும் அன்பர் அதை எண்ணிப் பார்க்கட்டும்.

தளங்களின் இயந்திரக் கண்ணை நம்பி இதை விட்டுவிடலாமா என்றால், அதுவும் ஆகாது. ஆஸ்திரியாவின் வில்லன்டோர்ஃப் என்ற ஊரில் 1908 இல் கிடைத்த, ஏறத்தாழ முப்பதாயிரம் ஆண்டுப் பழமையுள்ள, ஒரு சாண் நீளம்கூட இல்லாத சுண்ணக்கல் பெண்ணுருவை 2017 இன் இறுதியில் முகநூல் ஆபாசம் என்று நீக்கியது. அதனைக் காத்துவரும் வியன்னா அருங்காட்சியகம் கண்டனம் தெரிவித்த பிறகே தவறு என்று ஒப்புக்கொண்டது. கல்லுக்கே அந்தக் கதி என்றால், நாக்கைத் தொங்கவிட்டு மண்டையோட்டு மாலையோடு நிற்கும் எங்கள் பத்திரகாளி எப்படித் தப்புவாள்? முதுகில் முள்ளேற்றித் தூக்குக்காவடி எடுப்பவரை வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்றும் எங்கள் குழுவில் இரத்தக் காட்சி என்று மங்கலாக்கப்பட்டது. மறுபுறத்தில், இதே இயந்திரங்கள் செய்து தருகிற தெய்வப் படங்கள் தினமும் காலை வணக்கத்தோடு வந்து குவிகின்றன. ஆறுமுகனுக்கு ஏழு முகமும், ஒரு கையில் ஆறு விரலும் உள்ள முருகனை நான் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி ஒருவரும் முறையிடவில்லை. பளபளப்பாக இருந்தால் பக்தி, கரியாக இருந்தால் நிந்தனை என்று ஆகிவிட்டதோ என்று சில வேளை தோன்றுகிறது.

அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாணவியின் ஓவியத்துக்கு வந்த எதிர்ப்புகளில் திரும்பத் திரும்ப வந்த ஒன்று, அம்மன் இப்படி இருக்க மாட்டா என்பது. அம்மன் எப்படி இருப்பா என்று நமக்குக் காட்டியவர்கள் யார்? ரவிவர்மா 1894 இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கி இலட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணத்தாள்களாக வீடு வீடாக அனுப்பினார். பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்தவை நாட்காட்டிகளாகக் கடல் கடந்து நம் சுவாமியறைகளுக்கு வந்தன. நான் அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. என் தாயார் கும்பிட்டதும் அப்படியொரு படத்தைத்தான். அதன் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சந்தனத்தை இன்னும் நான் துடைக்கவில்லை. ஆனால் நூற்று முப்பது ஆண்டளவே வயதான ஒரு சாயலை ஆதியிலிருந்து வந்த உருவமாக எண்ணிக்கொண்டு, அதற்கு மாறாக வரைகிற பிள்ளையை நிந்தனை செய்தவளாக ஆக்குவது நியாயமன்று.

பொலிஸ் முறைப்பாடு என்ற யோசனைக்கு வருகிறேன். சமய உணர்வுகளை வேண்டுமென்றே புண்படுத்துவதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகள் நெடுங்காலமாகவே குற்றமாக்கியுள்ளன. அவற்றுக்கு மேல் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் (ஐ.சி.சி.பி.ஆர். சட்டம்) இருக்கிறது, அதன் 3 ஆம் பிரிவின்கீழ் கைதாகிறவருக்குப் பிணை வழங்க மேல் நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். இப்போது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலை (இணையவழி)க் காப்புச் சட்டமும் சேர்ந்திருக்கிறது. அது பொய்க்கூற்றுகளைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் ஓர் ஓவியம் எப்போது மெய், எப்போது பொய் என்று எந்த ஆணைக்குழு சொல்லும்? இந்தச் சட்டங்கள் யார்மீது பாய்ந்தன என்பதையும் பார்த்துவிட்டோம். முகநூலில் ஒரு சிறுகதை இட்டதற்காக எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 இல் நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். 2021 இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அது ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞர் ஒருவர், தமிழில் எழுதிய கவிதைகள் தீவிரவாதம் போதிப்பவை என்று கூறப்பட்டு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசெம்பரில் பிணையில் வந்து, 2023 டிசெம்பரில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். கவிதையைத் தமிழறியாதவர்கள் கையில் கொடுத்ததன் பலன் அது. கரியோவியத்தை ஓவியம் பார்க்கத் தெரியாதவர் கையில் கொடுத்தால் படுவான்கரைப் பிள்ளைக்கும் அந்தப் பலன்தான் கிடைக்கும். அன்பர் அதை விரும்பி எழுதியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

அப்படியானால் நிர்வாகிகள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா என்று கேட்கலாம். வைகாசிக்குப் பிறகு நாங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். சமயம் சார்ந்த ஓவியத்தை இடுகிறவர், எதை வரைந்தேன், எங்கிருந்து எடுத்தேன் என்று நான்கு வரியாவது எழுத வேண்டும். பெயர் ஓவியத்தின் மூலையில் அல்லாமல், வெட்டி எடுக்க முடியாதபடி நடுப்பகுதியில் மங்கலாக இருக்க வேண்டும். கூச்சம் தரக்கூடியது என்று மூவரில் ஒருவர் எண்ணினாலும் அந்த ஓவியம் நேராகக் கண்ணில் படாது: முதலாவதாக ஒரு சிவப்புத் துணியின் படம் வரும், அதன் கீழே உள்ளே இருப்பது என்ன என்ற குறிப்பு வரும், விரும்பியவர் விரலால் தள்ளினால்தான் ஓவியம் வரும். இந்த யோசனை எந்த மென்பொருளாளரிடமிருந்தும் வந்ததன்று. சின்னக் கதிர்காமம் என்று நாம் சொல்லும் மண்டூரில் முருகனைத் திரைக்கு வெளியே நின்றே கும்பிடுகிறோம். பூசகர் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். பார்ப்பதற்கு முறை வகுத்துக்கொண்ட ஊர் இது. திரை போட்டதால் அங்கே தெய்வம் இல்லாமல் போய்விடவில்லை.

நீக்குவதற்கு மூவரும் உடன்பட வேண்டும். எந்தச் சமயத்தின் சின்னமோ அந்தச் சமயத்தவர் ஒருவரையும் கேட்க வேண்டும். முறைப்பாடுகளை எண்ணிக்கை கொண்டு நிறுப்பதில்லை. எழுபது பேர் ஒரே வாசகத்தை ஒட்டி அனுப்பினால் அது ஒரு முறைப்பாடுதான். ஆனால் ஒரு விடயத்தில் மூவரையும் காத்திருக்காமல் எவரும் உடனே நீக்கலாம்: படத்தோடு, உயிரோடிருக்கும் ஒரு சமூகத்தையோ ஆளையோ குற்றவாளியாக்கும் வரி ஒட்டியிருந்தால் அந்த இடுகை போய்விடும், அந்தப் படம் எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும். நல்ல பிள்ளையார் படத்தின் கீழ் பக்கத்து ஊரைத் திட்டி எழுதிய இரண்டு இடுகைகளை இப்படித்தான் நீக்கினோம். நிந்தனைப் படங்களைத் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

எல்லாவற்றையும் திரை தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நபிகளாரின் உருவம் அத்தகைய ஒன்று. பதினான்காம் நூற்றாண்டுப் பாரசீக ஏட்டுச் சித்திரங்களில் அவர் வரையப்பட்டிருக்கிறார் என்பது கலை வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். அத்தகைய ஒன்றை 2022 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஹம்லைன் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர், பாடத்திட்டத்திலும் வகுப்பிலும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் காட்டினார். ஆயினும் வேலையை இழந்தார். பின்னர் பல்கலைக்கழகம் தன் சொற்களைத் திரும்பப் பெற்றது; முஸ்லிம் அமைப்பொன்றே அந்த விரிவுரையாளருக்காகப் பேசியது. அவர் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. ஆனாலும் எங்கள் குழுவில் அந்தச் சித்திரத்துக்கு இடமில்லை என்றே முடிவுசெய்தோம். வகுப்பறை வேறு, ஊர்ச்சந்தி போன்ற ஒரு குழு வேறு. காத்தான்குடி உறுப்பினருக்கு உறுத்துவது கண்ணில் படுவது அன்று, வரையப்பட்டதே என்கிறபோது திரைக்கு அங்கே வேலையில்லை. இதை அக்கரைப்பற்று ஆசிரியை கேட்கவில்லை. அவர் ஓட்டோமான் ஏடுகளில் முகத்தை வெண்திரையால் மறைத்து வரைந்த முறையைப் பற்றி ஒரு மணித்தியாலம் எங்களுக்கு விளக்கினார். வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நான்.

இன்னொன்றில் நாங்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. 2016 ஒக்டோபரில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இறக்காமத்தின் மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை வைக்கப்பட்டதையும் அதன் பின் நடந்தவற்றையும் மனத்தில் வைத்து, மழைக்காலக் காளான்போல ஒரு மலையில் புத்தர் தலைகள் முளைப்பதாக ஓர் இளைஞர் கேலிச்சித்திரம் வரைந்து அனுப்பினார். அவர் சாடியது சிலையை வைத்தவர்களை. ஆனால் கோட்டில் சிரிப்புக்கு இடமாகி நின்றது புத்தருடைய முகம். மூவரும் இரண்டு நாள் விவாதித்தோம். சிலையைச் சுமந்து வருகிறவர்களை வரையுங்கள், சிலையை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். பயந்துவிட்டீர்கள் என்று எழுதிவிட்டு அவர் குழுவைவிட்டுப் போய்விட்டார். பயமும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் விவாதத்தின் நடுவே வேறொன்று எங்களுக்குப் புரிந்தது: புத்தருடைய முகத்தைப் பற்றி முடிவெடுக்க உட்கார்ந்திருந்த மூவரில் பௌத்தர் ஒருவரும் இல்லை. நாங்களே வகுத்த முறையை நாங்களே கடைப்பிடிக்கவில்லை.

ஆகவே தங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். அம்பாறை நகரிலோ உகணையிலோ, தமிழ் வாசிக்கத் தெரிந்த சிங்கள ஓவிய ஆசிரியர் ஒருவர் எங்களோடு நான்காவது நிர்வாகியாக இருக்க முன்வந்தால் மகிழ்வோம். பத்தினித் தெய்வமாகக் கண்ணகியை அவர்களும் கும்பிடுவதால், பேச்சைத் தொடங்க எங்களுக்குப் பொதுவான இடம் இருக்கிறது. இரு வாரங்களுக்கு முன் எழுதிய அன்பரையும் அழைக்கிறேன்; மாணவியின் ஓவியம் இப்போது சிவப்புத் துணிக்குப் பின்னால் இருக்கிறது, அவர் தள்ளிப் பார்த்துவிட்டுத் தமது கருத்தை அதன் கீழேயே எழுதலாம். அந்தக் கருத்தை நாங்கள் நீக்க மாட்டோம்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைச் சித்திர ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.